திடீர்ப் புகழும் 'டெலிகா'னும்

படிப்படியாக வரும் புகழைத் தாங்க மனிதன் பழகிக்கொள்வான். அதுவே ஓராண்டிற்குள் வெள்ளமெனப் பாய்ந்தால் என்ன நேரும்? 1980 செப்டம்பரில் பிரிட்டனில் வெளிவந்த 'டெலிகான்' என்னும் இசைத்தொகுப்பு இதற்குச் சான்று பகர்கின்றது.

அதனைப் படைத்த கேரி நியூமன் 1958இல் இலண்டனில் பிறந்தவர். 'டியூப்வே ஆர்மி' என்னும் தம் குழுவின் முதற்றொகுப்பை 1978இல் பதிவு செய்யச் சென்றபோது அவர் கையிலிருந்தது கிதார். உள்ளத்திலிருந்தது பங்க் இசை. பதிவுக்கூடத்தில் பிறர் விட்டுச்சென்ற மினிமூக் என்னும் மின்னிசைக் கருவியைத் தற்செயலாகத் தொட்டார். கம்பியின் அதிர்வும் காற்றின் ஊதலுமின்றி மின்னோட்டத்திலிருந்தே எழுந்த அத்தடித்த ஒலி அவரை ஆட்கொண்டது. அடுத்த ஆண்டே 'ஆர் ஃபிரண்ட்ஸ் எலெக்ட்ரிக்?' என்னும் பாடல் விற்பனைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. செப்டம்பரில் 'கார்ஸ்' அவ்விடத்தைப் பிடித்தது. அவ்வாண்டின் இரு தொகுப்புகளும் அவ்வாறே. அப்போது அவருக்கு வயது 21!

மக்கள் வாங்கினர், இதழாசிரியர் பலர் ஏசினர். உணர்ச்சியற்ற இசை என்றனர். டேவிட் போவியின் நகல் என்றும் எள்ளினர். இளைஞர் நொந்தார். 'ஐ டை: யூ டை' என்னும் பாடல் அவ்விதழ்களுக்கு அவர் விடுத்த மறுமொழியே. ஆயினும் பிரிட்டனில் வெளிவந்த 'டெலிகான்' இசைத்தட்டில் அது இடம்பெறவில்லை என்பது வியப்பே.

முந்தைய தொகுப்பில் அறவே விலக்கிய கிதாரை இதில் மீண்டும் சேர்த்தார். வேகம் தணிந்து, சோர்வு கலந்த நடையில் பாடல்கள் செல்கின்றன. 'ரிமைண்ட் மீ டு ஸ்மைல்' புகழின் சலிப்பைப் பேசுகின்றது. சிரிப்பதற்குக்கூட நினைவூட்டல் வேண்டும் என்னும் அதன் தலைப்பே போதும், அவர் நிலையை உணர்த்த. முன்னர் எந்திரமனிதன்போல் முகபாவமின்றி மேடையில் நின்றவர், அம்முகமூடிக்குள் அழும் மனிதனை இங்கேதான் காட்டினார் என்பது என் கருத்து. 'கார்ஸ்' ஒன்றை மட்டும் கேட்டு அவரை அளந்தோர் இதனைத் தவறவிட்டனர்.

புகழை வெறுத்துப் பாடிய தொகுப்பும் முதலிடமே பெற்றது! 1981 ஏப்ரலில் வெம்ப்ளி அரங்கில் மூன்று இரவுகள் பாடி, இசைப்பயணங்களுக்கு விடைகொடுத்தார். அம்முடிவு நிலைக்கவில்லை, 1983இல் பிரிட்டனின் மேடைகளுக்குத் திரும்பினார். 2017இலும் 2021இலும் அவருடைய புதிய தொகுப்புகள் இரண்டாமிடம்வரை எட்டின. முதலிடம் 'டெலிகா'னோடு நின்றது.