கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் கண் பாதிப்புகளும்

கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அந்நிலை முன்சூல்வலிப்பு எனப்படும். வலிப்பும் வந்துவிட்டால் அது சூல்வலிப்பு. இவ்விரு நிலைகளிலும் பார்வை மங்கலாம், கண்முன் பளிச்சென ஒளி வெட்டலாம், கரும்புள்ளிகள் மிதக்கலாம். இவற்றைத் தனியொரு கண்நோயாகப் பார்ப்பது போதாது. தாயின் உடலெங்கும் இரத்தக்குழாய்கள் சுருங்கிப் பழுதுபடுவதன் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

பாதிப்பு நிகழும் இடங்களே இதற்குச் சான்று. விழித்திரையில் பெரும்பாலும் காணப்படுவது நுண்தமனிகளின் சுருக்கம். இயல்பில் தமனியின் அகலம் சிரையின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சுருக்கம் கடுமையாகும்போது அது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலத்தில் ஓட்டம் தடைப்பட்டால், நீர் கசிந்து தேங்கி விழித்திரை விலகும். மூன்றாவது இடம் கண்ணிலேயே இல்லை. மூளையின் பின்பகுதியில் வீக்கம் ஏற்பட்டால் பார்வை முழுவதும் போகலாம். ஆனால் டார்ச் அடித்தால் கண்பாவை வழக்கம்போலச் சுருங்கும், விழித்திரையும் இயல்பாகத் தெரியலாம். கண் நன்றாயிருந்தும் பார்வை தெரியாத இந்த நிலை, சிக்கல் கண்ணோடு முடிவதில்லை என்பதை ஐயமறக் காட்டுகிறது.

கர்ப்பத்தில் பார்வை சற்று மாறுவது இயல்புதானே என்று கேட்கலாம். கருவிழியில் நீர் கோப்பதால் கண்ணாடியின் பவர் மாறுவது உண்மைதான். ஆனால் அது மெல்ல வரும் மாற்றம். திடீர் மங்கலும் ஒளிவெட்டும், அதிலும் கடுந்தலைவலியோ மேல்வயிற்று வலியோ சேர்ந்து வந்தால், வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். விலகிய விழித்திரை பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் பெரும்பாலும் தானே ஒட்டிக்கொள்கிறது, மூளைவீக்கத்தால் போன பார்வையும் பெரும்பாலும் சில நாள்களில் திரும்புகிறது, பிறகு ஏன் அஞ்ச வேண்டும் என்பது இன்னொரு வாதம். இந்த மீட்சி, அழுத்தத்தைக் குறைத்து, வலிப்பைத் தடுத்து, உரிய நேரத்தில் பிரசவம் பார்ப்பதைப் பொறுத்தது. 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் என்னும் மருந்து சூல்வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதாகக் காட்டியது. விழித்திரை விலகலுக்கு இங்கே பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால் விழித்திரைத் தமனி அடைபட்டாலோ பார்வை நரம்பு பழுதுபட்டாலோ குறை நிரந்தரமாகவும் கூடும்.

ஆகவே விழித்திரைப் பரிசோதனையின் பயனை அளவோடு மதிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் நோயின் கடுமையை அது உணர்த்தும். தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பார்வைக் குறை சொல்லும் கர்ப்பிணிக்குக் கண் மருத்துவரிடம் சீட்டு எழுதித் தருவதற்கு முன், இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். சூல்வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரக்கூடும் என்பதால், குழந்தை பெற்று வீடு திரும்பிய தாய்க்கும் முதல் ஆறு வாரங்கள் வரை இதே விதி பொருந்தும்.