சாயமும் தொலைவும்: மகலனோபிஸ் அளவை ஆர் நிரல்மொழியை அடைந்த வரலாறு

முன்னுரை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஒரே நிறத்துணியைப் பல லாட்டுகளாகவே சாயமேற்றுகின்றனர். ஒரு லாட்டிலிருந்து ஆடையின் உடற்பகுதியும் மற்றொன்றிலிருந்து கைப்பகுதியும் வெட்டப்பட்டால், தனித்தனியே பார்க்கையில் புலப்படாத நிறவேறுபாடு தைத்தபின் வெளிப்பட்டுவிடும். ஆகவே எந்தெந்த லாட்டுகளை ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது அங்கு அன்றாட வினா. எந்திரக் கற்றல் நூல்கள் இதனைக் குழுவாக்கம் என்று வழங்குகின்றன. இதற்குரிய படிமுறைகள் ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியை வந்தடைந்த வரலாற்றையும், அவற்றுள் சாயப்பட்டறைக்குப் பொருந்துவது எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உடலளவும் நிற அளவும்

1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசந்த சந்திர மகலனோபிஸ், அதற்கு முன்பே ஆங்கிலோ-இந்தியர்தம் உடலளவுத் தரவுகளை ஆராய்ந்து 1922இல் கட்டுரை வெளியிட்டவர். இரு மக்கட்குழுக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே அவரை ஈர்த்த வினா. உயரமும் கைநீளமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அவற்றின் வேறுபாடுகளை அப்படியே கூட்டினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகும். உடன்மாறுபாட்டு அணியின் நேர்மாறைக் கொண்டு இத்தொடர்பை நீக்கும் பொதுமைத் தொலைவை அவர் 1936இல் முன்வைத்தார். ஃபிஷர் ஐரிஸ் மலர்த் தரவுகளைக் கொண்டு பிரித்தறி சார்பை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

நிறவியலார் இதே வடிவத்தை வேறொரு வழியில் கண்டடைந்தனர். 1942இல் மெக்ஆடம் நடத்திய சோதனைகளில், கண் வேறுபாடு காணாத எல்லை வட்டமாக அமையவில்லை, நீள்வட்டமாகவே அமைந்தது. 1976இல் சிஐஇலேப் நிறவெளி வந்தது. ஒளிர்வு, சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம் என்னும் மூன்று எண்களால் அது நிறத்தைக் குறிக்கிறது. நூல் நிறுவனமான ஜே அண்ட் பி கோட்ஸில் உருவான சூத்திரத்தைத் திருத்தி 1984இல் வெளிவந்த சிஎம்சி சூத்திரம், ஏற்கத்தக்க நிறங்களின் எல்லையை நீள்வட்டத் திண்மமாகவே வரையறுக்கிறது. உடலை அளந்தவரும் துணியை அளந்தவர்களும் ஒரே வடிவத்தை வந்தடைந்தது தற்செயலன்று. இரு துறைகளிலும் எல்லாத் திசைகளும் சமமல்ல.

பெல் ஆய்வகத்திலிருந்து ஆர் வரை

அதே 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் உள்ளிட்டோர் எஸ் மொழியைத் தொடங்கினர். சென்னையில் பிறந்த இராமநாதன் ஞானதேசிகன் அங்குப் பணியாற்றியவர்; வில்க்குடன் இணைந்து 1968இல் அவர் எழுதிய கட்டுரையே கியூ-கியூ வரைபடத்தைப் பரவலாக்கியது. எஸ் மொழியைப் பின்பற்றி ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது.

ஆரில் மகலனோபிஸ் பெயரிலேயே ஒரு சார்பு உண்டு. அது தருவது தொலைவன்று, தொலைவின் வர்க்கம். புதியவர்கள் பலர் இடறும் இடம் இது. அதன் உதவிப் பக்கத்திலுள்ள எடுத்துக்காட்டு, மூன்று மாறிகளுக்கு இவ்வர்க்கத்தைக் கணித்துக் கை-வர்க்கப் பரவலுக்கு எதிராகக் கியூ-கியூ வரைபடம் இடுகிறது. கொல்கத்தாக்காரரும் சென்னைக்காரரும் சந்திக்கும் பக்கம் என்று அதனைச் சொல்லலாம். மாறிகள் மூன்று என்பதால் நிறத்தரவை அதில் அப்படியே இட்டுப் பார்க்கவும் முடியும்.

லாட்டுப் பிரிப்பில் அளவையின் இடம்

எனினும் ஆரில் குழுவாக்கம் பயில்வோர் முதலில் எடுப்பது கேமீன்ஸ் சார்பையே. ஹார்டிகனும் வாங்கும் 1979இல் தந்த படிமுறை அதன் இயல்பு வழியாக உள்ளது. தொலைவைத் தேர்ந்துகொள்ள அதில் இடமில்லை. நேர்க்கோட்டுத் தொலைவு மட்டுமே. சாயச்செறிவு குறைந்தால் துணி வெளிறுவதும் நிறச்செறிவு குறைவதும் சேர்ந்தே நிகழும். நேர்க்கோட்டுத் தொலைவு அவற்றைத் தனித்தனியே எண்ணிக் கூட்டுகிறது. கண் எளிதில் பொறுக்கும் ஒளிர்வு மாற்றத்தையும், உடனே பிடிக்கும் நிறச்சாயல் மாற்றத்தையும் அது ஒரே தட்டில் நிறுக்கிறது. நல்ல லாட் தள்ளுபடியானால் மறுசாயம் இடவேண்டும். மீண்டும் நீர், மீண்டும் உப்பு. கழிவுநீரை முன்னிட்டு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட ஊரில் இது வெறும் கணக்குப் பிழையன்று.

தீர்வு எளிது: உடன்மாறுபாட்டு அணியால் தரவை உருமாற்றிய பின்னரே கேமீன்ஸுக்கு அனுப்பவேண்டும். அந்த அணியை எங்கிருந்து பெறுவது என்பதே கடினம். மூன்று மாறிகளுக்கு ஆறு எண்களை மதிப்பிட வேண்டும். நான்கு லாட்டுகளுக்குக் குறைந்தால் அணிக்கு நேர்மாறே இராது. கூலிக்குச் சாயமேற்றும் சிறு பட்டறைக்கோ நிறங்கள் பல, ஒவ்வொன்றிலும் லாட்டுகள் சில. ஒவ்வொரு நிறத்தின் நடுப்புள்ளியையும் கழித்துவிட்டு, ஒத்த நிறங்களின் சிதறலை ஒருங்கே திரட்டுவதே வழி. குழுக்கள் பலவற்றின் சிதறலைப் பொதுவாகக் கொள்ளும் இம்முறை 1936ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்கு உரியதே.

அனுபவமிக்க ஷேடு பார்ப்பவர் ஒளிப்பெட்டியின் முன் ஏற்ற லாட்டுகளின் சிதறலே அந்த அணியாக அமையும். அவர் கண்ணின் தீர்ப்பு அவ்வாறே எண்ணாகிறது. அவர் தள்ளிய லாட்டுகளின் அளவீடுகளையும் மறுசாயத்திற்கு முன்பே பதிந்து வைத்தால்தான் அவ்வெல்லை சரியா என்று சோதிக்க இயலும்.