உழைச்செல்வான்: நோயாளியின் அருகிருத்தல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றும் எவரும் எதிர்பார்ப்பவை. நான்காவதாக வள்ளுவர் வைப்பது உழைச்செல்வானை. ‘உழை’ என்பது பக்கம், அருகு எனப் பொருள்படும். நோயாளியின் அருகிலிருந்து மருந்தைக் காலம் தவறாமல் கொடுத்து அவனைப் பேணுபவனே உழைச்செல்வான். ஆண்டுதோறும் மாணவர்க்கு இவ்வாறு பொருள் சொல்லிக் கடந்து சென்றிருக்கிறோம். அச்சொல்லின் முழுக் கனமும் நமக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுத் திண்ணையில்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருப் பெரியவர் ஒருவருக்கு வாயில் புற்று கண்டது. இளமையில் மலேயாவில் கடையில் நின்று உழைத்தவர். நாம் அவரை மாமா என்றே அழைப்போம். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கன்னத்துப் புண் ஆறவில்லை. வாடை வரத் தொடங்கியது. ஊர் அவரைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. நோயாளியை நலம் விசாரிப்பது இஸ்லாத்தில் கடமை. பள்ளிவாசலில் தொழுகை முடித்து வருவோரும், பிற தெருக்காரர்களும் பழப்பையோடு வந்துபோயினர். ஆனால் எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டத் தெரிந்தவர் எவருமில்லை. மருந்துக் கடைகளில் கேட்டபோது மார்ஃபின் இல்லை என்றே விடை கிடைத்தது. ஒரு மாலை அவர் சொன்னார்: “மவுத்துக்குப் பயமில்ல தம்பி. ராத்திரி வருதே, அதுக்குத்தான் பயமா இருக்கு.”

அந்த இரவுகளைக் குறித்தே இக்கட்டுரை.

* * *

நோயாளியை ஓரிடத்தில் வைத்துப் பேணும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர் ஆகியோருடன் நோயாளியைப் பேணும் பெண்கள் இருவருக்கும் அதில் இடம் உண்டு. வள்ளுவரின் உழைச்செல்வான் அங்கே ஊதியம் பெறும் பணியாளராகக் கல்லில் ஏறிவிட்டார்.

நம் காவிரிப் படுகையில் இம்மரபின் பிந்தைய வடிவம் சத்திரம். இராமேசுவர யாத்திரை வழியெங்கும் தஞ்சை மராட்டிய அரசர்கள் சத்திரங்களை நிறுவினர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை இன்றும் காணலாம். இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் இச்சத்திரங்களின் நடைமுறையை விரிவாக விளக்குகிறார். வழியில் நோயுற்று மேலே செல்ல இயலாதவர்க்கு மருந்தும் பத்திய உணவும் தந்து, குணமாகும்வரை பரிவோடு கவனிப்பது சத்திரத்தின் கடமைகளுள் ஒன்று. இறந்துபோனால் இறுதிச் சடங்கையும் சத்திரமே செய்யும்.

இதைப் பொற்காலமாகக் கொள்ள வேண்டியதில்லை. சத்திரத்துப் பந்தியில் சாதி வரிசை இருந்தது. சத்திரம் அரசனின் மானியத்தால் வாழ்ந்தது; 1855இல் தஞ்சை அரச மரபு முடிந்தபின் பழைய நிலை நிற்கவில்லை. அரசனின் கொடையை நம்பிய அறம் அரசனோடு தளரும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மேலை நாட்டிலும் தொடக்கம் இத்தகையதே. ‘ஹாஸ்பிஸ்’ என்ற சொல் முதலில் யாத்திரிகர் தங்கும் விடுதியையே குறித்தது. ஏறத்தாழ நம் சத்திரம்தான். அதற்கு இன்றைய பொருளைத் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவம் பயின்றவர். 1948இல் இலண்டன் மருத்துவமனையில் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, தாம் விட்டுச்செல்லும் 500 பவுன் அவர் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாக இருக்கட்டும் என்றாராம். அந்த இல்லம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், 1967இல் எழுந்தது. வலி உடம்பில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்திலும், கடனிலும், கடவுளோடு கொண்ட வழக்கிலும் இருக்கிறது என்பதே சாண்டர்ஸின் அடிப்படைக் கருத்து. வலி வந்து துடித்தபின் மருந்து தருவதை விட்டு, வலி வருமுன் கடிகாரம் பார்த்து மார்ஃபின் தரும் முறையையும் அவர் நிலைநாட்டினார்.

* * *

இங்கே நம் நாட்டின் வேடிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்ஃபின் அபினியிலிருந்து கிடைப்பது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது; உலகின் வலிக்கு அபினி விற்ற நாடு நம்முடையது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், சிறைத்தண்டனையைக் காட்டி மருத்துவரையும் மருந்துக் கடைக்காரரையும் அச்சுறுத்தியது. ஒரு மாத்திரைக்குப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. கள்ளக் கடத்தல்காரனுக்கு வைத்த பொறியில் புற்றுநோயாளி அகப்பட்டான். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதாயிற்று. சட்டம் திருந்திய வேகத்தில் அச்சம் திருந்தவில்லை. அளவறிந்து தரும் மார்ஃபின் நோயாளியை அடிமையாக்கும், சாவை விரைவுபடுத்தும் என்ற தவறான எண்ணம் படித்தவரிடமும் இன்றும் உண்டு.

இந்த இருளில் விளக்கேற்றியது கேரளம். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயன்றவர் வந்தனர். மிகுதியும் நோயுற்றவர் வர இயலவில்லை. நோயாளியின் நாட்களில் பெரும்பகுதி வீட்டில், மருத்துவர் இல்லாத நேரத்தில் கழிகிறது என்பதை அவர்கள் கண்டனர். எனவே 2001 முதல் மலப்புறம் உள்ளிட்ட வட மாவட்டங்களில் அண்டை அயலார் வலையமைப்பு உருவாயிற்று.

அதன் நடைமுறை எளியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் எவரும் தொண்டராகலாம். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், இல்லத்தரசி எனப் பலரும் வந்தனர். நோயாளியிடம் எவ்வாறு பேசுவது, எப்போது பேசாதிருப்பது, படுக்கைப் புண் வராமல் எவ்வாறு திருப்பிப் படுக்க வைப்பது என்பன கற்பிக்கப்பட்டன. தொண்டர் தம் தெருவில் நோயாளி இருப்பதைக் கண்டறிவார். பயிற்சி பெற்ற செவிலியர் வீடு செல்வார். தேவையான இடத்துக்கு மருத்துவர் வருவார். அரிசி தீர்ந்த வீட்டுக்கு அரிசி, பள்ளி செல்லும் பிள்ளைக்குக் கட்டணம் ஆகியனவும் சிகிச்சையாகவே கருதப்பட்டன. பணம் பெரும்பாலும் உள்ளூரில் சில்லறையாகத் திரண்டது. அரசனின் மானியத்தைப்போல் ஒரே கையிலிருந்து வராததால், ஒரே கை மூடியதும் நின்றுவிடவில்லை. முதலில் ஊர் செய்தது. பிறகு 2008இல் கேரள அரசு தனிக் கொள்கை வகுத்து ஊராட்சிகளை இதில் இணைத்தது. 2010இல் ‘எகனாமிஸ்ட்’ ஆய்வுப் பிரிவு 40 நாடுகளில் இறப்பின் தரத்தை ஒப்பிட்டபோது இந்தியா கடைசியில் நின்றது. கேரளம் மட்டும் விதிவிலக்காகச் சுட்டப்பட்டது.

கேரளத்தின் கல்வியும் அரசியல் விழிப்பும் வேறு, இங்கே அது நடவாது என்பார் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மலப்புறத்தையும் கூத்தாநல்லூரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளிவாசலை மையமாகக் கொண்ட சமூக வாழ்வு, கடல் கடந்து பொருளீட்டும் ஆண்கள், அவர்கள் அனுப்பும் பணத்தில் எழுந்த வீடுகள், அவ்வீடுகளில் தனித்திருக்கும் முதியோர் என ஒற்றுமைகள் பல.

தமிழ்நாட்டிலும் வேர்கள் இல்லாமல் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. முற்றிய நோயாளிகளுக்கென்றே சென்னையை அடுத்து ஜீவோதயா இல்லம் நடைபெறுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே சென்று வழங்கும் நோய் ஆதரவுச் சேவையும் அடங்கும். அரசின் கை வாசல்வரை நீண்டிருக்கிறது. செவிலியர் வந்துபோன பின் மிஞ்சும் இரவுக்கு உரியவர் யார் என்பதே கேள்வி.

மாமாவின் கடைசி வாரத்தில், உறவினர் ஒருவர் வெளியூரிலிருந்து முறையான சீட்டோடு மார்ஃபின் வாங்கி வந்தார். மாமி அலைபேசியில் நேரம் வைத்து மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு மாமா உறங்கினார். மறுநாள் காலை திண்ணையில் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மலேயாவில் தாம் பார்த்த முதல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை மூன்று மாதம் முன்பே தந்திருக்கலாம். மருந்தும் இருந்தது, தெருவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க ஆளில்லை.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று கோழிக்கோட்டார் கேட்டார்கள். நம் தெருவில் அது இல்லாதவர் எவருமில்லை, நாம் உட்பட.