கீழ்புத்துப்பட்டு முகாமும் ஊர் மனமும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் கீழ்புத்துப்பட்டு வரும். மஞ்சனீஸ்வரர் ஐயனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் அறிந்த ஊர். இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட முகாம்களில் வாழ்பவர்களைத் தமிழகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பதை, அவர்களின் நடத்தையைவிட எங்கோ நடந்த சம்பவங்களே தீர்மானித்தன.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ராமேஸ்வரத்துக்குப் படகுகள் வந்தபோது தமிழகம் கொதித்தது. கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். எம்.ஜி.ஆர். அரசு முகாம்களைத் திறந்தது. அகதிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதில்லை; அந்த நாளில் யாரும் அதைக் கேட்கவுமில்லை.

பிறகு ஈழ ஆயுதக் குழுக்களின் துப்பாக்கிகள் தமிழகத் தெருக்களுக்கு வந்தன. 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு; 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈழப் போராளித் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்களுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்களும் முகாம்களில் இருந்தன என்பதைக் கேட்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை. முகாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது நின்றது. கியூ பிரிவு போலீசின் சோதனை இறுகியது. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் செய்த கொலைக்கு ஒரு தலைமுறையின் படிப்பைப் பறித்தது கொடுமை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் அந்தப் பிள்ளைகளை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவரப் போராடின.

வந்தவரைத் தாங்கிய பழைய கதையும் இந்தக் கடற்கரைக்கு உண்டு. சற்றுத் தெற்கே, புதுச்சேரியில், 1908-இல் பாரதி அடைக்கலம் புகுந்தார். அவரைச் சுற்றியும் பிரிட்டிஷ் உளவாளிகள் இருந்தார்கள். ஆனாலும் புதுச்சேரி மக்கள் பத்தாண்டுகள் அவரைத் தாங்கினார்கள்.

முகாம் ஆண்கள் பலர் உள்ளூர்க்காரர்களோடு பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார்கள். ஒரே சாரத்தில் நின்று கூலி வாங்கியவர்களுக்கு நடுவே சந்தேகம் வெகுநாள் நிற்கவில்லை என்றே நம்பத் தோன்றுகிறது. 2021-இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாயில் வீடுகளும் நலத்திட்டங்களும் அறிவித்து, முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியபோது பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை.

சட்டம் மட்டும் அந்த அளவுக்கு இளகவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 1987 ஜூலை 1-க்குப் பின் இங்கே பிறந்திருந்தாலும், பெற்றோரில் எவரும் இந்தியர் இல்லையென்றால் பிள்ளை இந்தியர் ஆவதில்லை. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, முப்பது வயதைத் தாண்டிய பலருக்கும் இன்னும் ஓட்டு இல்லை.