பிஸ்கட்டுக்குள் வந்துபோன கொழுப்புகள்

"இருதயத்துக்கு உகந்த பிஸ்கட்" என்ற தலைப்பில் வீட்டுச் செய்முறைகள் இப்போது எங்கும் மலிந்து கிடக்கின்றன. ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், கறுவா, முந்திரிகை வற்றல் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் பத்திரிகைக்காரனாகிய எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இருதயத்தின் பெயரால் பிஸ்கட்டுக்குள் ஒரு கொழுப்பை நீக்கி இன்னொரு கொழுப்பை நுழைத்த வரலாறு ஒன்று ஏற்கெனவே உண்டு. அந்த வரலாற்றில் எமது தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு பங்கு இருந்தது.

முதலில் ஒரு சமையலறை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதம் இழுபடும் பசையாக மாறுகிறது. பாணுக்கு அது வேண்டும். பிஸ்கட்டுக்கு அது ஆகாது. மாவின் துகள்களைக் கொழுப்புப் போர்த்திக்கொண்டால்தான் பசை உருவாகாமல் தடைப்பட்டு, பிஸ்கட் மொறுமொறுப்பாக உடையும். இதற்கு அறை வெப்பத்தில் இறுகியிருக்கும் கொழுப்பே மிகவும் வசதியானது. வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் மேற்குலகின் பிஸ்கட்டுகளை நெடுங்காலம் ஆண்டமைக்கு இதுவே காரணம். ஆனால் அவை விலை கூடியவை, விரைவில் கெட்டுவிடுபவை.

1869 இல் பிரெஞ்சு வேதியியலாளர் மெஜ் மூரியே மாட்டுக் கொழுப்பிலிருந்து மாஜரினை உருவாக்கினார். அதைவிடப் பெரிய மாற்றம் 1902 இல் வந்தது. ஜேர்மனியரான வில்ஹெல்ம் நோர்மன், திரவ எண்ணெய்க்குள் நிக்கல் துணையுடன் ஐதரசன் வாயுவைச் செலுத்தி அதைக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனி அதே வழியில் பருத்தி விதை எண்ணெயை இறுக்கி, 1911 இல் "கிறிஸ்கோ" என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்த கம்பனி அது! இரண்டு வருடங்களின் பின்னர் 615 செய்முறைகள் கொண்ட சமையல் நூலொன்றையும் அது வெளியிட்டது. வீட்டுச் சமையலறைக்குள் ஒரு தொழிற்சாலைப் பொருளை நுழைக்கும் கலையில் இன்றைய விளம்பரக்காரர்கள் எவரும் அவர்களை மிஞ்சவில்லை என்பேன்.

இந்த முறையில் எண்ணெயை முழுமையாக இறுக்காமல் பாதியில் நிறுத்தும்போது உருவாகும் ஒரு வகைக் கொழுப்பே டிரான்ஸ் கொழுப்பு. அக்காலத்தில் அதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

1955 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மாரடைப்புக்குள்ளானார். அதுவரை வைத்தியர்களின் கவலையாக இருந்த இருதய நோய் ஒரே நாளில் முதற்பக்கச் செய்தியாயிற்று. 1961 இல் அமெரிக்க இருதயச் சங்கம், விலங்குக் கொழுப்பு முதலான நிரம்பிய கொழுப்புகளைக் குறைத்துத் தாவர எண்ணெய்களைச் சேர்க்குமாறு ஆலோசனை கூறியது. மாஜரின் வெண்ணெயைவிட நல்லது என்ற எண்ணம் வேரூன்றியது இக்காலத்திலேயே. ஆனால் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் குமரோவ் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் 1957 இலேயே, இறந்தோரின் உடல் இழையங்களில் டிரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை "சயன்ஸ்" சஞ்சிகையில் எழுதியிருந்தனர். அதற்குச் செவிசாய்த்தோர் மிகச் சிலரே.

இனித்தான் எமது தேங்காய் எண்ணெய் வருகிறது. நெப்ரஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பில் சொகொலோவ் என்றொரு செல்வந்தர் இருந்தார். கட்டடப் பொருள் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். 1966 இல், தமது 43 ஆவது வயதில், மாரடைப்பிலிருந்து உயிர் தப்பினார். 1988 இல் அவர் தமது சொந்தப் பணத்தைச் செலவிட்டு, "அமெரிக்காவுக்கு நஞ்சூட்டல்" என்ற பொருள்படும் தலைப்புடன் பெரும் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டார். தேங்காய் எண்ணெயும் முள்தேங்காய் எண்ணெயும் கலந்த பிஸ்கட் முதலிய பண்டங்களின் படங்கள் அவற்றில் இருந்தன. அமெரிக்க சோயா விவசாயிகளின் சங்கமும் வெப்பவலய எண்ணெய்களுக்கு எதிராக ஏற்கெனவே பிரசாரத்தில் இறங்கியிருந்தது. சொகொலோவின் நோக்கம் தூய்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சோயாச் சங்கத்தின் அக்கறை இருதயத்தில் மாத்திரம் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய பிஸ்கட் கம்பனிகள் பணிந்தன. தேங்காய் எண்ணெயும் முள்தேங்காய் எண்ணெயும் வெளியேறின. அவற்றின் இடத்தில் வந்தது பெரும்பாலும் பாதி இறுக்கப்பட்ட சோயா எண்ணெய். அதாவது டிரான்ஸ் கொழுப்பு.

அடுத்த இரண்டு வருடங்களில் ஒல்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மென்சிங்க், கட்டான் என்ற இருவர் 59 ஆரோக்கியமானவர்களுக்கு வெவ்வேறு கொழுப்புள்ள உணவுகளை மும்மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தனர். டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டியதோடு நில்லாமல் நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைக்கவும் செய்தது. இருதயத்தைக் காக்க வந்த மாற்றீடு, நீக்கப்பட்ட பொருளைவிடக் கேடானது என்பது 1990 இல் இவ்வாறு தெரியவந்தது.

டென்மார்க் 2003 இல் உலகுக்கு முன்மாதிரியாக, உணவிலுள்ள கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு இருக்கலாகாது என்று சட்டம் செய்தது. அதே வருடம் கலிபோர்னியாவில் ஒரு சட்டத்தரணி ஓரியோ பிஸ்கட்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். விடயம் மக்கள் கவனத்துக்கு வந்துவிட்டது என்று கூறிச் சில நாட்களில் அதை மீளப் பெற்றும் கொண்டார். 2006 முதல் அமெரிக்காவில் டிரான்ஸ் கொழுப்பின் அளவைச் சிட்டையில் அச்சிடுவது கட்டாயமாயிற்று. ஆயினும் ஒரு தடவை பரிமாறும் அளவில் அரைக் கிராமுக்குக் குறைவாக இருந்தால் "பூச்சியம்" என்று போடலாம். இரண்டு மூன்று பிஸ்கட்டுகளே "ஒரு தடவை" என்று கணக்கிடப்பட்டால், ஒரு பக்கற்றைக் காலிசெய்பவரின் பூச்சியம் எத்தனை கிராம் ஆகும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

குமரோவ் ஓயவில்லை. 2009 இல், 94 வயதில், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தார். பதில் வராமையால் 2013 இல் வழக்கும் தொடுத்தார். பாதி இறுக்கப்பட்ட எண்ணெய்கள் பாதுகாப்பானவையாகக் கொள்ளப்படமாட்டா என்ற தீர்மானம் 2015 இல் வந்தது. 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. குமரோவ் 2017 மே மாதம், 102 வயதில், காலமாகியிருந்தார். இந்தியா 2022 ஜனவரியில் 2 வீத எல்லையைக் கொண்டுவந்தது.

இதைக் கேட்டதும் எம்மவர் சிலர், "பார்த்தீர்களா, தேங்காய் எண்ணெய் குற்றமற்றது" என்று துள்ளுவதுண்டு. அதுவும் சரியன்று. தேங்காய் எண்ணெயில் 80 வீதத்துக்கும் அதிகமானது நிரம்பிய கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2017 இல் மீண்டும் எச்சரித்தது. மாற்றீடு மோசமானது என்பதால் முன்னையது மருந்தாகிவிடாது.

ஓட்ஸ் பற்றியும் மிகை வேண்டாம். அதிலுள்ள பீற்றா குளுக்கன் என்ற நார்ச்சத்தை நாளொன்றுக்கு 3 கிராம் உண்பது இருதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று விளம்பரப்படுத்த 1997 இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதற்கு ஏறத்தாழ 60 கிராம் ஓட்ஸ் தேவை. ஒரு பிஸ்கட்டில் 10 கிராம் இருக்குமானால் நாளுக்கு ஆறு பிஸ்கட். அதனுடன் ஆறு பிஸ்கட்டின் சீனியும்! காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பவர் இந்தத் தொல்லையின்றியே அந்த அளவை அடைந்துவிடுவார்.

ஆகவே வீட்டில் பிஸ்கட் சுடுவதன் பயன் ஓட்ஸில் இல்லை; உள்ளே போகும் கொழுப்பு எது என்பது சுடுபவருக்குத் தெரியும் என்பதிலேயே உள்ளது. எமது வீட்டில் இப்போது ஓட்ஸுடன் குரக்கன் மாவும் சூரியகாந்தி எண்ணெயும் சேர்த்துச் சுடுகிறார்கள். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கே கொழுப்பு. எண்ணெயோ முழுவதும் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்குப் பதிலாக 80 கிராம் எண்ணெய் போதும். குழைத்த மாவை ஒரு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஓவனில் அதிகம் பரவாது. நல்லெண்ணெயிலும் ஒரு முறை சுட்டுப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் தொடவில்லை, எனக்குப் பிடித்திருந்தது.