ரொறன்ரோவில் இரண்டு கிண்ணங்கள்

சென்ற வாரம், 1976இல் யூசேபியோவோடு சாம்பியனான ரொறன்ரோ மெற்றோஸ்-குரோஷியா அணியின் கதையைப் பார்த்தோம். இந்த வாரம் வருபவர் ரொறன்ரோ அணிக்காக ஒரு நாளும் விளையாடாதவர். ஆனால் அவருடைய அணி வென்ற இரண்டு பெரிய கிண்ணங்களும் இந்த நகரத்து மைதானங்களில்தான் கைக்கு வந்தன. பெயர் கார்ல்-ஹைன்ஸ் கிரானிட்ஸா.

1951 நவம்பர் 1ஆம் திகதி, மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூரில் உள்ள லூனன் என்ற ஊரில் பிறந்தவர். முன்கள வீரர். இடக்காலால் அவர் அடிக்கும் அடிக்குப் பெயர் இருந்தது. 1975-76 பருவத்தில் ஃபோல்க்லிங்கன் என்ற சிறிய கழகத்துக்காக 29 கோல்கள் போட்டு, இரண்டாம் பிரிவின் தெற்கு வலயத்தில் முதலிடம் பிடித்தார். அந்தக் கோல்கள் அவரைப் பேர்லினின் ஹெர்தா கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1977இல் ஹெர்தா ஜேர்மன் கிண்ண இறுதியாட்டம் வரை போனது. முதல் நாள் ஆட்டம் சமநிலையில் முடிய, மறு ஆட்டம் வைத்தார்கள். அதில் கேர்ல்ன் அணி 1-0 என்று வென்றது.

தேசிய அணிக் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. கேர்ட் முல்லர் விட்டுப்போன இடத்துக்குக் கிளவுஸ் ஃபிஷரும் டீற்றர் முல்லரும் போட்டி போட்ட காலம் அது. வேறு நாட்டில் பிறந்திருந்தால் தேசிய அணியில் பத்து வருடம் ஆடியிருப்பார் என்பது என் எண்ணம்.

1978இல் சிக்காகோ ஸ்டிங் அணிக்குப் போனார். அன்றைய வட அமெரிக்க லீக்கைப் பேசினால் எல்லோரும் பெலேயையும் பெக்கன்பவரையும்தான் சொல்வார்கள். இருவரும் வயது முதிர்ந்து வந்து, சில பருவங்கள் ஆடிவிட்டுப் போனவர்கள். கிரானிட்ஸா 26 வயதில் வந்து, லீக் மூடப்படும் வரை ஏழு பருவங்கள் நின்றார். 199 ஆட்டங்கள், 128 கோல்கள். கோல் கணக்கில் ஜோர்ஜியோ கினாலியாவுக்கும் (193) அலன் வில்லிக்கும் (129) அடுத்த இடம். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரியும் எண் வேறொன்று: மற்றவர்கள் கோல் போடப் பந்து கொடுத்த கணக்கு, 101. முன்களத்தில் நிற்பவன் நூறு தடவைக்கு மேல் கோலை இன்னொருவனுக்குக் கொடுத்திருக்கிறான்!

1981 செப்டெம்பர் 26, சனிக்கிழமை. ஒன்ராறியோ ஏரிக்கரையின் எக்ஸிபிஷன் மைதானத்தில் லீக்கின் இறுதியாட்டம். அப்போது புளூ ஜேய்ஸ் பேஸ்போல் ஆடிய அதே இடம், செயற்கைப் புல்தரை. பார்வையாளர்கள் 36,971 பேர். எதிரில் நடப்புச் சாம்பியன் நியூயோர்க் கொஸ்மோஸ். கினாலியாவின் நிழல்போல ஹெயிற்றி நாட்டவர் பிரான்ஸ் மத்தியூ ஒட்டிக்கொண்டு திரிந்தார். கினாலியாவால் கோல் போடவே முடியவில்லை. சிக்காகோவும் போடவில்லை. மேலதிக நேரமும் கோலின்றிக் கழிந்தது.

பிறகு வந்தது அந்த லீக்குக்கே உரிய முறை. இன்றைய பெனால்டிபோலப் பந்தை ஓரிடத்தில் வைத்து உதைப்பதல்ல. கோலிலிருந்து 35 யார் தூரத்தில் கீறிய கோட்டில் பந்து. நடுவர் விசில் ஊதியதும் ஐந்தே விநாடி. வீரர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிவருவார். கோல் காப்பாளரும் முன்னே பாய்ந்து வரலாம். விலத்திப் போவதா, தூரத்திலிருந்தே அடிப்பதா, தலைக்கு மேலால் தூக்கிவிடுவதா என்று ஓடும்போதே முடிவெடுக்க வேண்டும். கொஸ்மோஸ் பக்கத்தில் பொகிசெவிச் மட்டும் கோல் போட்டார். சிக்காகோவுக்குக் கிரானிட்ஸா ஒன்று, ரூடி கிளென் ஒன்று. 2-1. 1963இல் அமெரிக்க ஃபுட்போலில் பெயர்ஸ் அணி வென்றதற்குப் பிறகு சிக்காகோ நகரத்துக்குக் கிடைத்த முதல் பெரிய தொழில்முறைக் கிண்ணம் அது.

மூன்று வருடம் கழித்து ஸ்டிங் மறுபடியும் இறுதிக்கு வந்தது, இம்முறை ரொறன்ரோ பிளிசார்டுக்கு எதிராக. 24 அணிகள் இருந்த லீக் ஒன்பதாகச் சுருங்கியிருந்தது. முதல் ஆட்டத்தைச் சிக்காகோவில் ஸ்டிங் 2-1 என வென்றது. இரண்டாவது, 1984 ஒக்ரோபர் 3, புளோர் வீதியில் உள்ள வார்சிட்டி மைதானத்தில். பாற்றோ மார்கெற்றிச் இரண்டு கோல் போட, சிக்காகோ 3-2 என வென்றது. வட அமெரிக்க லீக்கின் கடைசி ஆட்டம் அதுதான். அடுத்த மார்ச்சில், ரொறன்ரோவும் மினசோட்டாவும் மட்டுமே ஆடத் தயாராக நிற்க, லீக்கை மூடினார்கள். அந்த இரண்டு அணிகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அன்று தோற்ற பிளிசார்டின் பயிற்றுநர் பொப் ஹூற்றன், பின்னாளில் இந்தியாவின் பயிற்றுநரானார். 2011இல் இந்தியாவை ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனவர் அவரே. அதற்கு முன் இந்தியா அங்கே ஆடியது 1984இல்!

கிரானிட்ஸாவின் பெயர் அமெரிக்க உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் இருக்கிறது. எக்ஸிபிஷன் மைதானத்தை 1999இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2007இல் எழுந்ததுதான் நம் பிள்ளைகள் சிவப்புச் சட்டையோடு போகும் பிஎம்ஓ மைதானம். 2026 உலகக் கிண்ண அட்டவணையில் ஜேர்மனிக்கு அங்கே ஓர் ஆட்டம் உண்டு: ஜூன் 20, ஐவரி கோஸ்டுக்கு எதிராக.

(தொடரும்)