நெஞ்சில் மாட்டும் கணக்கு

சடையங்குப்பத்துக்குப் பக்கத்து மணலி ஆலைகளில் குழாய் வெல்டிங்கைக் கதிர்ப் படம் எடுத்துச் சோதிப்பவர் ஒருவர். ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் இன்னொருவர். தொழில் வேறானாலும் இருவரும் நெஞ்சில் மாட்ட வேண்டிய பேட்ஜ் ஒன்றுதான்: பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டபோது அதை அளக்க வழியில்லை. குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க, தொழிலாளி தன் கையையே கதிருக்கு நேரே நீட்டுவார். அப்படி நீட்டிய எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து 1904இல் செத்துப்போனார்.

அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் 1902இல் ஒரு யோசனை சொன்னார்: புகைப்படத் தகட்டை வைத்துப் பாருங்கள், ஏழு நிமிடத்தில் அது கறுக்கவில்லையென்றால் பயமில்லை. பின்னாளில் வந்த பிலிம் பேட்ஜுக்கும் இதே சூத்திரம்தான். எவ்வளவு கறுப்போ அவ்வளவு கதிர்.

ஆனால் நம் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் பிலிமுக்கு ஆகாது. கதிர் படாமலே புகைமூட்டம் கட்டும், பதிந்த தடமும் மங்கும். 1975இல் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையம் அதற்கு மாற்றாக டி.எல்.டி.யைக் கொண்டுவந்தது. டிஸ்ப்ரோசியம் துளி சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு கலந்து செய்த மூன்று வில்லைகள், ஒரு அலுமினிய அட்டையில் இருக்கும். பட்ட கதிரின் ஆற்றலை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடேற்றினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிவரும். ஒளியை அளந்தால் கதிரின் அளவு தெரியும். ஒரு வில்லைக்கு உலோக வடிகட்டி, ஒன்றுக்கு பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. பட்டது எந்த வகைக் கதிர் என்பதை இந்த ஏற்பாடு காட்டும்.

தொழிலாளி ஒருவர் வாங்கக்கூடிய கதிருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது.

பேட்ஜ் கதிரைத் தடுக்காது, காட்டிக்கொடுக்கும். மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் இழுப்பறை வாங்கிய கதிரைத்தான் சொல்லும். ஆகவே ஈய ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ரிப்போர்ட்டில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.